காப்புப்படிக்குரிய கோப்பு முறைமை: அதன் உறுதியை மதிப்பிடுமாறு

கணினியிற் சேர்த்து வைத்த எழுத்தும் படமும் கணக்கும் என்றும் நிலைத்திருக்கும் என எண்ணுவது பெரும்பாலோர் இயல்பு. தாள் கிழிவதைக் கண்ணாற் காண்கிறோம். ஏட்டைச் செல் அரிப்பதையும் காண்கிறோம். வன்தட்டிலுள்ள தரவு கெடும்போது புறத்தே யாதோர் அடையாளமும் தோன்றுவதில்லை. ஆதலால், மூலம் ஒன்றிருக்க அதன் காப்புப்படி வேறொரு தட்டில் இருத்தல் வேண்டும் என அறிந்தோர் வற்புறுத்துவர். இவ்வளவும் யாவரும் ஒப்புக்கொள்வதே. அக்காப்புப்படியைத் தாங்கும் தட்டில் எந்தக் கோப்பு முறைமையை அமைப்பது, அது போதிய உறுதி வாய்ந்ததென்று எவ்வாறு துணிவது என்னும் வினா எழுந்தவுடன் கருத்து வேற்றுமை தொடங்குகின்றது. ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார். மற்றொருவர் அப்பெயரைக் கேட்டு நகைப்பார். இருவரும் தத்தம் அனுபவம் ஒன்றையே சான்றாகக் காட்டுவர். தனியொருவர் அனுபவத்தை விடுத்து, வெளியான செய்திகளையும் ஆய்வுகளையும் கொண்டு இவ்வினாவை ஆராய்வது பயனுடைத்து.

வன்தட்டென்பது எண்ணிடப்பெற்ற சிறு கட்டங்களின் நெடுவரிசை. எந்தக் கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் உள்ளது, எவை வெறுங்கட்டங்கள், கோப்பின் பெயர் யாது, அது கடைசியாகத் திருத்தப்பெற்ற காலம் யாது என்பன தட்டுக்குத் தெரியா. அவற்றை அறிந்து நிருவகிக்கும் மென்பொருளே கோப்பு முறைமை எனப்படும். நூலகத்தில் நூல்கள் ஒருபுறமும் அவற்றின் அட்டவணை மற்றொரு புறமும் இருத்தல்போல, தட்டிலும் தரவு ஒரு கூறாகவும் தரவைப் பற்றிய குறிப்பு மற்றொரு கூறாகவும் அமையும். பின்னதை மீத்தரவு என்பர். அட்டவணை அழிந்தால், நூல்கள் அனைத்தும் இருந்தும் வேண்டியதை எடுக்க இயலாது. அட்டவணை செவ்வையாயிருக்க, நூலினுள்ளே நான்கு தாள் மாறிக் கிடப்பின் அஃது அதனினுங் கொடிது. அந்நூலை எடுத்து வாசிக்கும் நாள்வரை அக்குறை வெளிப்படாதன்றோ?

ஒரு கோப்பைத் திருத்தும்போது தட்டிற் பல இடங்கள் ஒருங்கே மாறவேண்டும். இடையில் மின்சாரம் தடைப்பட்டாற் சில மாறியும் சில மாறாமலும் நிற்கும். இதற்குப் பரிகாரம் இருவகை. செய்யவிருப்பதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பின்னர் உரிய இடங்களில் மாற்றுவது ஒன்று. லினக்ஸில் வழங்கும் எக்ஸ்ட் 4, எக்ஸ்.எவ்.எஸ். முதலியன இவ்வழியைப் பின்பற்றுவன. பழையதன்மேல் எழுதாது புதிய இடத்தில் எழுதி, யாவும் எழுதி முடிந்தபின் தலைப்பிலுள்ள சுட்டியை மாத்திரம் மாற்றுவது மற்றொன்று. இசட்.எவ்.எஸ்., பி.ரி.ஆர்.எவ்.எஸ். என்பன இவ்வழியின. பழைய நிலை அழியாது நிற்றலால், ஒரு நாளின் நிலையை அப்படியே நிறுத்தி வைத்துக்கொள்ளுதல் இவற்றில் எளிது. சென்ற செவ்வாய்க்கிழமை இருந்த கோப்பை வேண்டியபோது எடுக்கலாம். காப்புப்படி வைப்போர் இவற்றை நாடுதற்கு அது பெருங் காரணமாகும்.

இனி, "உறுதியானது" என்னுஞ் சொல்லை ஆக்கியோரும் பயன்படுத்துவோரும் ஒரே பொருளில் வழங்குவதில்லை என்பது கருதத்தக்கது. ஆக்கியோர் அச்சொல்லாற் குறிப்பது பல வேளைகளில், தட்டில் எழுதப்படும் வடிவம் இனி மாறாது என்பதையே. இன்று எழுதிய தட்டை நாளை வெளிவரும் பதிப்பும் வாசிக்கும் என்பது அதன் பொருள். தரவு தொலையாது என்னும் வாக்குறுதி அதில் அடங்கவில்லை. எக்ஸ்ட் 4 இன் வரலாறு இதனை நன்கு விளக்கும். 2008 டிசெம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.28 ஆம் பதிப்பில் அது சோதனை நிலையைக் கடந்ததாக அறிவிக்கப்பட்டது. சில மாதங்களுள், 2009 இன் தொடக்கத்தில், கணினி திடீரென நின்று மீண்டும் இயங்கியபோது சில கோப்புகள் பெயர் மட்டும் எஞ்சி, உள்ளே யாதுமின்றி வெறுமையாய்க் கிடந்தமையைப் பலர் கண்டனர். தட்டில் இடம் ஒதுக்குவதைச் சிறிது நேரம் தள்ளிப்போடும் புதிய முறையே அதற்குக் காரணம். அம்முறைமையின் தலைமை ஆக்குநரான தியோடர் சோ, தரவைத் தட்டில் எழுதி முடிக்குமாறு உரிய கட்டளை இடாத செயலிகளிடமே பிழை உள்ளதென வாதித்தார். ஆயினும், அச்செயலிகளுக்கு ஏற்பப் பின்வந்த 2.6.30 ஆம் பதிப்பில் முறைமையையும் திருத்தினர். வாதத்தில் வென்றவர் யாவர் என்பது காப்புப்படி வைப்போனுக்கு வேண்டாத விடயம். கோப்பு வெறுமையாயிற்று என்பதே அவனுக்குச் செய்தி.

முதிர்ச்சி பெறப் பெற வழுக்கள் குறைந்துகொண்டே போய் ஒருநாள் இல்லையாகும் என்று நம்புவாரும் உளர். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் 2013 இல் வெளியிட்ட ஆய்வொன்று இந்நம்பிக்கைக்கு இடந்தரவில்லை. லினக்ஸில் வழங்கிய 6 கோப்பு முறைமைகளில் ஏறக்குறைய 8 ஆண்டுகளிற் செய்யப்பட்ட 5,079 திருத்தங்களை அவர்கள் ஒவ்வொன்றாக வாசித்து வகைப்படுத்தினர். பழைய முறைமைகளிலும் வழுக்கள் தொடர்ந்து தோன்றிக்கொண்டே இருந்தன. புதிய வசதி சேருந்தோறும் புதிய வழுவும் சேர்ந்தது. அவ்வாய்வில் நமக்கு மிக வேண்டிய முடிவு வேறொன்று. வழுக்களில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாதவை, ஏதேனும் தவறு நேர்ந்தபோது அதைச் சமாளிப்பதற்கென எழுதப்பட்ட பகுதிகளிலேயே காணப்பட்டன. நினைவகம் போதாமை, தட்டு வாசிக்க மறுத்தல் போன்ற நிலைமைகள் அன்றாடம் நேர்வன அல்லவாதலின், அப்பகுதிகள் அன்றாடப் பழக்கத்தாற் சோதிக்கப்படுவதில்லை. காப்புப்படியோ அத்தகைய நாளுக்காகவே வைக்கப்படுவது. எனவே, "பத்து ஆண்டுகள் யாதொரு குறையுமின்றி ஓடியது" என்னுஞ் சான்று நல்வெயிலில் ஒழுகாத கூரைக்குக் கொடுக்குஞ் சான்றையே ஒக்கும்.

ஒரு முறைமை தரவைக் கெடுத்தது என்னுஞ் செய்தி பரவும்போதும் நிதானம் வேண்டும். எக்ஸ்ட் 4 குறித்தே மூன்று செய்திகள் உள. 2012 ஒக்ரோபரில் அது கோப்புகளைக் கெடுக்கின்றது என்று உலகெங்கும் அச்சம் பரவியது. ஆராய்ந்தபோது, வழக்கத்தில் இல்லாத சில தெரிவுகளை வேண்டுமென்றே இயக்கியிருந்தவர்க்கே அது நேர்ந்தமை தெரியவந்தது. 2018 இன் இறுதியில், 4.19 ஆம் பதிப்பைப் பயன்படுத்திய பலர் மெய்யாகவே தரவை இழந்தனர். பழி எக்ஸ்ட் 4 இன்மேல் விழுந்தது. வழுவோ, கோப்பு முறைமைக்குக் கீழே தட்டுடன் உரையாடும் வேறொரு பகுதியில் இருந்தது. 2023 டிசெம்பரில், நீண்டகாலப் பயன்பாட்டுக்கெனப் பேணப்பட்ட 6.1 வரிசையின் 6.1.64 ஆம் பதிப்பில் எக்ஸ்ட் 4 தரவைக் கெடுக்கும் வழு புகுந்தது. புதிய பதிப்புக்கென எழுதிய திருத்தமொன்றைப் பழைய பதிப்புக்குப் பெயர்த்தபோது, அதற்கு முற்பட்ட துணைத் திருத்தம் விடுபட்டுப் போயிற்று. டெபியன் 12.3 இன் வெளியீடே இதனால் நிறுத்தி வைக்கப்பட்டு, 12.4 வெளியிடப்பட்டது. முதலாவது பயன்படுத்தியோர் தெரிவு. இரண்டாவது அயலான் பிழை. மூன்றாவதே முறைமையின் பேணலில் நேர்ந்த பிழை. மூன்றையும் ஒரே கணக்கில் எழுதுதல் தகாது. ஆயினும் மூன்றாவது நிகழ்ச்சி, வெளிவந்த அன்றே புதிய பதிப்பை மூலக் கணினியிலும் காப்புக் கணினியிலும் ஒருங்கே ஏற்றுதல் தவறு என்பதைக் காட்டப் போதுமானது.

இதுவரை கூறியன வெளிப்படையான கேடுகள். ஓசையின்றி நிகழுங் கேடு ஒன்றுண்டு. வன்தட்டு தான் தவறாக வாசித்ததை அறியாமலே, இதுவே நீர் எழுதியது என்று கொடுத்துவிடும். 2008 இல் வெளியான ஆய்வொன்றில், நெற்அப் நிறுவனத்தின் சேமிப்பகங்களிலிருந்த 15 இலட்சத்து 30 ஆயிரம் வன்தட்டுகள் 41 மாதங்கள் நோக்கப்பட்டன. எழுதியதும் வாசித்ததும் ஒவ்வாமை 4 இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகள் கண்டறியப்பட்டது. சேர்ண் ஆய்வுகூடத்தார் 2007 இல் தம் கோப்புகள் சிலவற்றை மீள வாசித்து ஒப்பிட்டபோது, ஏறக்குறைய 1,500 கோப்புக்கு ஒன்று கெட்டிருந்தது.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர்க்கு இது புதிய செய்தியன்று. சிறுப்பிட்டியிற் பிறந்து 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களைப் போன்றோர், ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடித் தொகுத்தது எதற்காக? சிதைந்த ஏடு தன் சிதைவைத் தானே காட்டும். எழுதுவோன் பிழைபட எழுதிய ஏடோ முழுமையானதுபோல் நிற்கும். ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு அப்பிழையைத் துணிதல் அரிது. கணினியில் இதற்கு ஒரு வழி உண்டு. கோப்பின் ஒவ்வொரு பகுதியையும் எழுதும்போதே, அதன் உள்ளடக்கத்திலிருந்து ஓரெண்ணைக் கணித்து வேறிடத்தில் எழுதி வைப்பர். இதனைச் சரிபார்ப்பெண் என்க. மீள வாசிக்கும்போது மறுபடியுங் கணித்து, இரண்டும் ஒவ்வாவிடிற் கேடு உண்டென்று அறிவர். சன் மைக்குறோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தார் 2005 இல் வெளியிட்ட இசட்.எவ்.எஸ். இதனை எல்லாத் தரவுக்குஞ் செய்கின்றது, பி.ரி.ஆர்.எவ்.எஸ். உம் இயல்பாகச் செய்கின்றது. எக்ஸ்ட் 4 உம் எக்ஸ்.எவ்.எஸ். உம் மீத்தரவுக்கு மட்டுமே இதனைச் செய்வன. கடையில் வாங்கும் வெளித்தட்டுகள் பலவற்றில் முன்னரே அமைந்துவரும் எக்ஸ்பற் என்னும் முறைமையில், தரவுக்குச் சரிபார்ப்பெண்ணும் இல்லை, மேலே கூறிய குறிப்பேடும் இல்லை. அத்தட்டை அப்படியே காப்புப்படிக்கு வைத்துக்கொள்வோர் தொகை பெரிதென்பது வருந்தத்தக்கது.

அங்ஙனமாயின் இசட்.எவ்.எஸ். உறுதியானது என முடித்துவிடலாமா எனின், 2023 நவம்பரில் நிகழ்ந்தது அதனைத் தடுக்கின்றது. அவ்வாண்டு வெளியான 2.2.0 ஆம் பதிப்பிற் படியெடுக்கப்பட்ட சில கோப்புகளின் இடையிடையே உண்மைத் தரவுக்குப் பதிலாகச் சுழிகள் நிரம்பியிருந்தன. முதலிற் புதிய வசதியொன்றே காரணமெனக் கருதி, 2.2.1 இல் அதனை நிறுத்தினர். பின்னர், வழு பல ஆண்டுகளாகவே உள்ளே உறைந்திருந்ததும், புதிய சூழ்நிலையில் அது எளிதில் வெளிப்பட்டதும் தெரிந்து, 2.2.2 இலும் 2.1.14 இலும் திருத்தினர். மூலக் கோப்பு கெடவில்லை. அதனைப் படியெடுக்கும் கணத்தில், தரவுள்ள இடத்தை வெற்றிடமென்று முறைமை தவறாகச் சொல்லிற்று. படியெடுத்த செயலி அதனை நம்பிச் சுழிகளை எழுதிற்று. அச்சுழிகளுக்குச் சரிபார்ப்பெண் முறையாகக் கணிக்கப்பட்டமையால், பின்னர் எத்துணை சோதித்தாலுங் குறை தோன்றாது. சரிபார்ப்பெண், தன்னிடம் ஒப்படைத்ததைக் காக்கும்; ஒப்படைத்ததே பிழையாயின் அப்பிழையையுங் கண்ணுங் கருத்துமாகக் காக்கும். ஆகவே முறைமை தானே வைத்திருக்கும் எண்ணுக்குப் புறம்பாக, மூலத்திலிருந்தே கணித்தெடுத்த எண்களின் பட்டியல் ஒன்று தனியே வேண்டும். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையால் அதனை எவரும் ஒரு கட்டளையிற் செய்துகொள்ளலாம்.

பி.ரி.ஆர்.எவ்.எஸ். பற்றிய வழக்கு இன்னும் விரிவானது. 2007 இல் ஒரக்கிள் நிறுவனத்திற் கிறிஸ் மேசன் என்பாரால் தொடங்கப்பெற்று, 2009 இல் லினக்ஸின் பகுதியாயிற்று. சூசே நிறுவனத்தார் தம் 2014 ஆம் ஆண்டு வெளியீட்டில் அதனையே இயக்க முறைமைத் தட்டுக்கு இயல்பான தெரிவாக்கினர். றெட் ஹற் நிறுவனத்தார் 2017 இல் அதனைக் கைவிடுவதாக அறிவித்து, 2019 இல் வெளியான 8 ஆம் பதிப்பில் நீக்கியேவிட்டனர். றெட் ஹற்றின் ஆதரவிலுள்ள பெடோராவோ 2020 இல் மேசைக் கணினிகளுக்கு அதனையே இயல்பாக்கிற்று. ஒரே பொருளுக்கு இத்துணை மாறுபட்ட தீர்ப்புகள் எவ்வாறு நேரும்? பெயரை நோக்கித் தீர்ப்பளித்தால் இவ்விடர் தீராது. ஒரு தட்டில், அல்லது ஒன்றன் படியாக மற்றொன்றைப் பேணும் இரண்டு தட்டில் அமைக்கும் பி.ரி.ஆர்.எவ்.எஸ். வேறு, பல தட்டுகளிற் பரப்பி, இழந்ததைக் கணிதத்தால் மீட்கும் றெயிட் 5, றெயிட் 6 அமைப்பில் நிற்கும் பி.ரி.ஆர்.எவ்.எஸ். வேறு. பின்னதில், எழுதும் நடுவே மின் நின்றால் தரவும் அதன் மீட்பெண்ணும் ஒவ்வாது போகக்கூடும். அதன்பின் ஒரு தட்டும் பழுதாயின் மீட்கப்படுவது பிழையாகும். ஆக்கியோர் தாமே ஒவ்வொரு வசதிக்கும் அதன் நிலையைக் குறித்து வெளியிடும் அட்டவணையில், இவ்வமைப்பு உறுதியற்றதென்றே எழுதப்பட்டுள்ளது. அவ்வட்டவணையைப் பாராமல் அமைத்துவிட்டு முறைமையை நோவது முறையன்று. பழுதுபார்க்குங் கருவி குறித்தும் அவர்கள் வெளிப்படையாகவே எச்சரிக்கின்றனர்: அறிந்தவர் அறிவுரையின்றி அதனை இயக்கலாகாது. இவ்வெச்சரிக்கை உள்ள முறைமையில், தட்டு கெட்டவிடத்துச் செய்யக்கூடியது பழுதுபார்ப்பதன்று. வாசிக்க இயன்றதை வேறிடத்துக்கு எடுத்துக்கொண்டு புதிதாய் அமைப்பதே.

பழுதுபார்க்குங் கருவி எத்துணை முக்கியம் என்பதற்கு றைசர் எவ்.எஸ். ஒரு பழைய சான்று. 2001 இல் லினக்ஸிற் சேர்ந்து பெரும் புகழ்பெற்ற அதனில், மீத்தரவு சிதைந்தவிடத்துத் தட்டு முழுவதையும் தேடி மரத்தைத் திரும்பக் கட்டும் வசதி இருந்தது. அத்தட்டினுள் மற்றொரு றைசர் எவ்.எஸ். தட்டின் முழுப்படி ஒரு கோப்பாக இருந்தால், அக்கருவி அதன் துண்டுகளையும் இதனுடையனவென மயங்கி இரண்டையுங் கலந்துவிடும். பிற தட்டுகளின் முழுப்படிகளைத் தாங்குவது காப்புத் தட்டின் தொழிலாயிற்றே! அன்றாடக் கணினிக்கு ஏற்ற முறைமை காப்புக்கு ஏலாமற்போவது இவ்வாறே. அது 2025 இல் லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டது.

முறைமையைப் பேணுவார் எத்தனை பேர், அவர்க்குள் இணக்கம் எத்தகையது என்பதும் உறுதியின் ஒரு கூறே. பிகாஷ் எவ்.எஸ். என்னும் புதிய முறைமை 2024 சனவரியில் வெளியான 6.7 ஆம் பதிப்பில் லினக்ஸிற் சேர்ந்தது. அதன் ஆக்கியோருக்கும் லினக்ஸின் தலைவருக்கும் நடைமுறை பற்றி எழுந்த பிணக்கின் முடிவில், 2025 நவம்பரில் வெளியான 6.18 இல் அது நீக்கப்பட்டுப் புறத்தே தனியாக வழங்கலாயிற்று. நுட்பத்தில் அது தாழ்ந்ததென்று நான் கூறவரவில்லை. ஆனால், காப்புத் தட்டை வேறொரு கணினியிற் பொருத்தி உடனே வாசிக்க வேண்டிய நாளில், அக்கணினிக்கு அம்முறைமை தெரியாதிருத்தல் பெரிய குறையே. இக்குறை, உரிமம் பற்றிய வேறுபாட்டால் லினக்ஸிற்குப் புறத்தே நிற்கும் இசட்.எவ்.எஸ். க்கும் ஓரளவு உண்டு.

காப்புப்படி இரண்டாம் பிரதிதானே, மூலம் இருக்கிறதே, ஆதலாற் சற்று உறுதி குன்றிய முறைமையையும் அதற்கு வைக்கலாம் என்பது ஒரு சாரார் வாதம். மூலம் அழிந்த நாளில் எஞ்சுவது அதுவேயாதலின் மூலத்தினும் உறுதியான முறைமை வேண்டும் என்பது மற்றொரு சாரார் வாதம். இரண்டிலும் ஒரு பாதி உண்மையுண்டு. இரண்டும் ஒரே காலத்தில் அழியும் வாய்ப்பே கணிக்கத்தக்கது. மூலமும் படியும் ஒரே முறைமையில், ஒரே பதிப்பில் இருந்தால் ஒரே வழு இரண்டையும் ஒரே இரவிற் கெடுக்கலாம். மூலத்திலுள்ள கேடு படிக்குள்ளும் நாள்தோறும் ஊறிக்கொண்டிருக்கலாம். எனவே, குறையுள்ள இரண்டு வேறு முறைமைகள், சிறந்த ஒரே முறைமையை இருமுறை வைப்பதினும் மேலானவை என்பது என் துணிபு.

சோதனை செய்யாமல் எதனையும் ஏற்றல் ஆகாது. வேண்டாத தட்டொன்றை எடுத்து, காப்புப்படி எவ்வாறு நிகழுமோ அவ்வாறே அதனை நடத்துக. நூற்றுக்கு 95 பங்கு நிரப்புக; பி.ரி.ஆர்.எவ்.எஸ். போன்றவற்றில் மீத்தரவுக்கு இடம் முடிந்து, வெற்றிடம் இருக்கவும் இடமில்லை என்னும் நிலை நேர்வது இந்நிரப்பிலேதான். பல நாள் நிலைகளைச் சேர்த்து வைத்துப் பின் நீக்குக. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்குக. இலங்கையில் 2022 மார்ச்சின் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை அறிந்தோர்க்கு இச்சோதனையின் தேவையை விளக்க வேண்டியதில்லை. யூ.எஸ்.பி. பெட்டிகள் சில, தரவு இன்னும் தம் இடைநினைவில் நிற்கையிலேயே எழுதி முடிந்ததென்று பொய் சொல்வன. புதிய இடத்தில் எழுதிச் சுட்டியை மாற்றும் முறைமைகள் எழுதும் வரிசையையே நம்பி நிற்றலால், அப்பொய் அவற்றை அடியோடு சாய்த்துவிடும். அந்நிலையில் மாற்றவேண்டியது பெட்டியே. கடைசியாக, முறைமைக்குத் தெரியாமல் தட்டின் சில பைற்றுகளை நேரே மாற்றியெழுதிவிட்டு முழுவாசிப்புச் சோதனையை நடத்துக. எந்தக் கோப்புக் கெட்டது என்று பெயர் சொல்லும் முறைமையே வேண்டுவது. கெட்டதைக் காட்டி வாசிக்க மறுக்கும் முறைமையைக் குறை கூறுவோர் பலர். கெட்டதை நல்லதென்று கொடுக்கும் முறைமைமேல் ஒருவரும் முறையிடுவதில்லை. முறையீடுகளை எண்ணி உறுதியை அளப்போர் ஏமாறுவது இங்கேதான்.

பழைய மலர்களையும் பதிவேடுகளையும் படமெடுத்து வைத்திருக்கும் ஒரு கல்லூரிக்கு, மேற்கூறியவற்றை வைத்து நான் சொல்லத்தக்கது இது. இரண்டு தட்டுகள் கொள்க. ஒன்றில் எக்ஸ்ட் 4 அமைக்க. எளிமையும், எந்த லினக்ஸ் கணினியிலும் வாசிக்கப்படுதலும் அதன் நலன். மற்றொன்றில் இசட்.எவ்.எஸ்., அல்லது றெயிட் 5, 6 சேராத பி.ரி.ஆர்.எவ்.எஸ். அமைத்து மாதம் ஒருமுறை முழுவாசிப்புச் சோதனை நடத்துக. முதலாவது தட்டின் கோப்புகளையும் எஸ்.எச்.ஏ.-256 பட்டியலோடு அவ்வாறே ஒப்பிடுக. அப்பட்டியலின் ஒரு பிரதி இரண்டு தட்டிலும் அல்லாத மூன்றாமிடத்தில் இருத்தல் வேண்டும். தவணைக்கு ஒருமுறை, பத்துக் கோப்புகளை எழுமாற்றாகத் தெரிந்து, வேறொரு கணினியில் மீட்டெடுத்துத் திறந்து பார்க்க. அவ்வேலையைத் தட்டை அமைத்தவரிடம் விடாது, முன் அறியாத ஒருவரிடம் எழுத்திலுள்ள குறிப்பை மட்டுங் கொடுத்துச் செய்விப்பது நன்று. அமைத்தவர் மாற்றலாகிப் போன பின்னரும் அத்தட்டைத் திறக்க வேண்டியிருக்கும்.